மயிலிட்டியில் கழிவு எண்டு ஒண்டும் இல்லை

ஒவ்வொரு வருசமும் ஜூன் 5 வந்தால் எங்கட பாடசாலைகளில் ஒரு அறிவித்தல் வரும்: சுற்றாடல் தினத்தை முன்னிட்டு "கழிவுப்பொருட்களைக் கொண்டு ஓர் ஆக்கம்" செய்து கொண்டு வரவும். யோகட் கோப்பை, சோடா மூடி, முட்டைக்கோது, ஐஸ்பழக் குச்சி. வீட்டில் அவ்வளவு கழிவு இல்லாத பிள்ளை என்ன செய்யும்? கடைக்குப் போய்க் குச்சியைப் பக்கற்றாகப் புதுசாக வாங்கும். நாங்களும் வாங்கியிருக்கிறம். ஒரு ஐஸ்பழத்தையும் காணாத குச்சி, கழிவு எண்ட பேரில் மேசைக்கு வரும், பரிசும் எடுக்கும்.

சிரிச்சுவிட்டுக் கடந்து போகலாம்தான். ஆனால் "கழிவு" எண்ட அந்தச் சொல் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்து, சித்திரம் படிக்கப் போகிற இடத்தில் "கண்டெடுத்த பொருள்" எண்டு பேரை மாத்திக்கொள்ளுது. கண்டெடுத்தது எண்டால் ஆரோ தொலைச்சது எண்டுதானே அர்த்தம்? தொலைச்ச ஆளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமலே கலப்பூடக வேலைகள் செய்யப்படுது, புள்ளி வாங்குது, காட்சிக்கு வைக்கப்படுது. வலிகாமம் வடக்கில் காணிகள் விடுபடத் தொடங்கின பிறகு இதற்கு ஒரு தனிப்பாதையே போட்டாச்சு. பஸ் ஏறிக் காங்கேசன்துறைப் பக்கம் போவது, மயிலிட்டியில் இறங்குவது, இடிஞ்ச வீட்டுக்குள் நுழைவது, உடைஞ்ச ஓடு, துருப்பிடிச்ச பிணைச்சல், நிலத்துச் சீமெந்தில் ஒரு துண்டு, கரையில் கிடந்த வலை எல்லாத்தையும் பையில் போட்டுக்கொண்டு திரும்புவது. பிறகு பலகையில் ஒட்டி, மேலே தேயிலைச் சாயம் பூசி, "எச்சம்" எண்டோ "சிதைவு 2" எண்டோ தலைப்பு. இந்தப் பழக்கத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்க வேணும், இல்லாட்டி தவறான ஆக்கள் எங்களுக்குக் கைதட்டுவினம். "குப்பையைப் பொறுக்கி ஒட்டினால் அது கலையோ?" எண்டு கேட்கிற பெரியாக்கள் இருக்கினம். அவையின்ர பக்கத்தில் நாங்கள் இல்லை. எண்ணெய்ச்சாயமும் கன்வஸும் இருந்தால்தான் ஓவியம் எண்டது, காசிருக்கிறவன் மட்டும் வரையட்டும் எண்டு சொல்லுறதுக்குச் சமன். 2022இல் டொலர் இல்லாமல் நாடு முடங்கினபோது, மேல் மாகாணத்தில் தாள் இல்லையெண்டு தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். சோதனைத்தாளுக்கே அந்தக் கதியெண்டால் இறக்குமதிச் சாயத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கு? அந்த நேரம் படிச்ச பெடியளும் பெட்டையளும் கையில் கிடைச்சதை வைத்து வேலை செய்தது வசதிக் குறைவு மட்டும் இல்லை, ஒரு நிலைப்பாடும்தான்.

அதுவும் யாழ்ப்பாணத்துக்கு இது புதுசா? பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் வைத்து விளக்குக் கொளுத்தின ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டார்கள். உதயன் பேப்பர் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்தது. அதுக்கும் முந்தி நுங்குக் கோம்பையில் வண்டில், சிரட்டையில் அகப்பை, பனையோலையில் காத்தாடி. ஒரு பொருள் தன் முதல் வேலையை முடிச்ச பிறகும் அதுக்கு இன்னொரு வேலை இருக்கு எண்டு எங்கட அம்மம்மாக்களுக்குத் தெரியும். அதைக் கலை எண்டு அவை சொல்லவில்லை. கழிவு எண்டும் சொல்லவில்லை. "அதை எறியாத, வை" எண்டுதான் சொன்னவை.

சரி, மயிலிட்டிக்கு வருவம்.

1990 ஜூனில் அந்தச் சனம் எழும்பிப் போனது. நாலைஞ்சு நாளில் திரும்பலாம் எண்டு நினைச்சு, கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு போன கதையை அந்த ஊர்க் குடும்பங்களில் கேட்காத பிள்ளை குறைவு. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாச்சு. துறைமுகத்தையும் சேர்த்து ஐம்பது ஏக்கருக்குக் கொஞ்சம் மேலான நிலம் விடுபட்டது 2017 ஜூலை 3ஆம் திகதி. நடுவில் 27 வருசம். மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடிச்சு, அங்கேயே பிள்ளை பெத்த ஒரு தலைமுறை இருக்கு. இன்னும் விடுபடாத காணிகளும் இருக்கு.

திரும்பி வந்தவை கண்டது என்ன? பல வீடுகள் தரைமட்டம். நிண்ட வீடுகளிலும் கதவு இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை, கூரை மரம் இல்லை, ஓடு இல்லை. காணிகளைப் பிரிச்ச கதிகால் வேலி போயிட்டுது. ஒழுங்கைகள் பத்தைக்குள் போயிட்டுது. "இதுதான் எங்கட வளவு" எண்டு சொல்லுறதுக்கு மிஞ்சினது கிணறு, அத்திவாரம், படிக்கட்டு, நிலத்துச் சீமெந்து, சில இடத்தில் ஒரு பூவரசு. கிணத்துக் கட்டையும் குளிக்கிற தொட்டியையும் வைத்து, அங்கயிருந்து இத்தனை கவடு வைச்சால் குசினி, அதுக்கு அங்கால் விறாந்தை எண்டு நடந்து காட்டித்தான் பலபேர் வீட்டைக் கண்டுபிடிச்சவை. உறுதி கையில் இருக்கிற ஆக்களுக்கும் இதுதான் நிலை. ஓடி ஓடி உறுதியைத் தொலைச்ச ஆக்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இப்ப அந்த நிலத்துச் சீமெந்தில் ஒரு துண்டைக் கிளப்பிக்கொண்டு போற மாணவரை யோசிச்சுப் பாருங்கோ. அவருக்கு அது நிறம்: சிவப்புக் காவி பூசி மினுக்கின, ஓரத்தில் பச்சைக் கோடு ஓடுற, நல்ல "டெக்ஸ்சர்". வீட்டுக்காரருக்கு அது சாட்சி. கிராம சேவகர் வந்தாலும் நில அளவைக்காரர் வந்தாலும் விரலை நீட்டிக் காட்ட இருக்கிற ஒரே சாட்சி. சிவப்பு விறாந்தைக்கு, பச்சைக் கோடு சாமியறைக்கு எண்டு சொல்லக்கூடிய ஒரு கிழவி இன்னும் உயிரோடு இருக்கிறா. பூக்கல்லுக்கும் ஓட்டுக்கும் இதே கதைதான். பழைய கள்ளிக்கோட்டை ஓட்டின் முதுகில் செய்த கொம்பனியின்ர பேர் அச்சடிச்சிருக்கும். எந்தக் காலத்து வீடு, எந்த வழியால் வந்த ஓடு எண்டு தெரிஞ்ச ஆள் அதை வாசிப்பார். அந்த அச்சுக்கு மேலே ஜெஸோ பூசி வெள்ளையாக்கி, அதுக்கு மேலே ஒரு கண் வரைஞ்சு, கண்ணிலிருந்து ஒரு துளி இரத்தம் சொட்ட விடுறம். (கண்ணும் இரத்தத் துளியும் இல்லாத இடப்பெயர்வு ஓவியத்தை நாங்கள் கண்டது மிகக் குறைவு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

கூரையைக் கழட்டிக்கொண்டு போனவை ஒரு பக்கம். மிஞ்சின நிலத்தையும் அழகுக்காகக் கழட்டுற நாங்கள் இன்னொரு பக்கம். நோக்கம் வேற எண்டு வாதாடலாம். வீட்டில் மிஞ்சுறது ஒண்டுதான்: இன்னும் கொஞ்சம் குறைஞ்ச வீடு.

கரைக்கு வாங்கோ. வலை கிடக்கும். கிழிஞ்ச வலையைப் பார்த்தால் கலை மாணவருக்குக் கை துறுதுறுக்கும், எங்களுக்கும்தான். நைலோன் நீலம், பச்சை, உப்புப் பூத்த கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு, சிப்பி ஒட்டின முடிச்சு. ஆனால் வடக்குக் கடலில் வலை தானாகக் கிழியிறது கொஞ்சம். இந்திய இழுவைப்படகுகள் இரவில் வந்து அறுத்துக்கொண்டு போற வலைகளே இஞ்ச பெரிய பிரச்சினை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. தடை கடலில் எவ்வளவு வேலை செய்யுது எண்டது கரையில் கிடக்கிற வலையைப் பார்த்தால் தெரியும். அறுந்த வலையை மீனவர் ஏன் எறியாமல் குவிச்சு வைச்சிருக்கிறார் எண்டு நினைக்கிறியள்? கடற்றொழில் அதிகாரிக்குக் காட்ட, சங்கத்துக்குக் காட்ட, பத்திரிகைக்காரருக்குக் காட்ட. முடிஞ்சால் நல்ல பகுதியை வெட்டி இன்னொரு வலையோடு பொருத்த. அந்தக் குவியலில் இருந்து இரண்டு முழம் உருவினால் அது கண்டெடுத்த பொருள் இல்லை. சாட்சியத்தில் கை வைச்சது.

இதே துறையில் இன்னொரு சோதனையும் கட்டிக்கிடக்குது. எல்லை தாண்டி வந்து பிடிபட்ட தமிழ்நாட்டு விசைப்படகுகள். நீலமும் பச்சையுமாகச் சாயம் உரிஞ்ச பலகை, அதில் தமிழில் எழுதின பேர், பதிவு இலக்கம், பாதி மூழ்கின முன்னணியம். உலகத்தில் எந்தக் காண்பியக் கலை மாணவரைக் கொண்டுவந்து நிப்பாட்டினாலும் பத்து நிமிசத்தில் படம் எடுக்கத் தொடங்கும். எடுக்கட்டும். ஆனால் அந்தப் படகு நீதிமன்ற வழக்கோடு சம்பந்தப்பட்டது. "கண்டெடுத்த பொருள்" எண்ட கலைச்சொல்லை உச்சரிக்கிற வாய்க்கு "சான்றுப் பொருள்" எண்ட சட்டச்சொல்லும் தெரிஞ்சிருக்க வேணும். அந்தப் படகில் கூலிக்கு ஏறி வந்து மறியலில் இருந்துவிட்டுப் போன மனிசனுக்கும் ஒரு வீடு இருக்கு. படகு முதலாளிக்கும் அவருக்கும் நடுவில் உள்ள தூரம், அவருக்கும் மயிலிட்டி மீனவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை விடக் கூட. இதெல்லாம் தெரியாமல் அந்தப் பலகையை வெட்டி "தொப்புள்கொடி" எண்டு தலைப்பு வைச்சால், எங்கட கரைச் சனம் சிரிக்காது, கோபப்படும். கோபம் நியாயம்.

இரும்பைப் பற்றி ஒரு வரி, இதில் விவாதத்துக்கு இடமில்லை. விடுபட்ட காணிகளில் நிலத்தோடு கிடக்கிற எந்த உலோகத்தையும் கையால் தொடாதேங்கோ, காலால் தட்டாதேங்கோ. கண்ணிவெடி அகற்றினது எண்டு பலகை நிண்டாலும் தெரியாத இரும்பைக் கிண்டாதேங்கோ. ஷெல் கோது வைச்சுச் செய்த பூச்சாடி வடிவாயிருக்கலாம். உங்கட விரல் அதைவிட வடிவு.

"அப்ப நாங்கள் என்னதான் செய்யிறது? சும்மா பார்த்துக்கொண்டு நிக்கிறதோ?" எண்டு கேட்பியள். கேட்க வேணும். விடை வெளியில் இல்லை, இந்த ஊரிலேயே ஒருக்கால் செய்து காட்டியிருக்கினம்.

2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தா. சனாதனன் ஒரு வேலை வைச்சார், வரலாறுகளின் வரலாறு எண்டு தமிழில் சொல்லலாம். எரிஞ்சு திரும்பக் கட்டின நூலகத்தில், புத்தகம் இருக்கவேண்டிய இடத்தில், வீடுகளில் இருந்து வந்த சாமான்கள். நூற்றுக்கணக்கான வீடுகளில் ஆக்கள் தாங்களே எடுத்துக் குடுத்தவை. இதில் எங்களுக்கு முக்கியம், எது முக்கியமான பொருள் எண்டதைக் கலைஞர் தீர்மானிக்கவில்லை எண்டது. பொருளின் சொந்தக்காரர் தீர்மானிச்சார். பொறுக்கினதுக்கும் குடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பிறகு 2011இல் வந்த அவருடைய முடிவுறாத தோம்பு பற்றிய புத்தகத்தில் பொருளே இல்லை. இடம்பெயர்ந்த எண்பது பேரிடம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவில் இருந்து கீறித் தரச் சொன்னார். அதை ஒரு கட்டடக்கலைஞர் அளவோடு திருப்பிக் கீறினார், அதுக்கு மேலே சனாதனனின் சித்திரம். தோம்பு எண்டது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் பதிவேட்டில் இல்லாத வீட்டைச் சனத்தின் கையால் பதியிறது. ஒரு ஓட்டுத் துண்டும் இடம் மாறவில்லை. மயிலிட்டிக்குப் பையோடு போற ஒவ்வொருவரும் போக முதல் அந்தப் புத்தகத்தைப் புரட்ட வேணும் எண்டது எங்கட அபிப்பிராயம்.

மலையகத்தில் இருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிச்ச ஹனுஷா சோமசுந்தரத்தின் வேலைகளையும் பாருங்கோ. தேயிலைச் சாயம், தேயிலை வடி. நாங்கள் மேலே நக்கலடிச்ச அதே தேயிலைச் சாயம்தான். ஆனால் அவரின்ர வேலையில் அது பழசு போலக் காட்டப் பூசின நிறம் இல்லை. அந்தக் கறை எங்கிருந்து வந்தது, ஆரின்ர கையில் பிடிச்சது எண்டு அவருக்குத் தெரியும். பொருள் அவரின்ர சனத்தின்ர பொருள். நாங்கள் தேயிலை பூசுறது கடைச் சாயத்துக்குக் காசில்லாமல், அல்லது "விண்டேஜ்" லுக்குக்கு.

வெளியிலும் நல்ல உதாரணம் உண்டு. 1965 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிஞ்சபோது, நோவா பியூரிஃபோய் அங்கேயே ஒரு கலை நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தவர். எரிஞ்ச கடைத்தெருவில் கிடந்த உருகின நியோன் பலகைகளையும் கருகின மரத்தையும் நண்பர்களோடு சேர்த்து, அடுத்த வருசம் "நியோனின் 66 அடையாளங்கள்" எண்ட காட்சியாக வைச்சார். அவர் போய்ப் பொறுக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பின ஆள் இல்லை, அந்தத் தெருவில் வேலை செய்த ஆள். பேப்பர்த் துண்டும் பஸ் டிக்கெற்றும் ஒட்டி உலகத்துக்கே ஒட்டுச்சித்திரம் காட்டின குர்ட் ஷ்விட்டர்ஸ், நாஜிகளுக்குத் தப்பி ஓடி, 1940இல் பிரித்தானியாவின் மான் தீவில் தடுப்பு முகாமில் அடைபட்டபோது, முகாமில் குடுத்த ஓட்ஸ் கஞ்சியில் சிற்பம் செய்தார். அது பூஞ்சணம் பிடிச்சு நாறினதாம். முகாமில் பிறந்த எங்கட ஆக்களுக்கு இந்தக் கதை நல்லா விளங்கும். தனக்குக் குடுத்த கஞ்சி, தன்ர பங்கு, அதில் செய்தது. இந்தியாவில் விவான் சுந்தரம் 2012 கொச்சி பினாலேயில் பட்டணம் அகழ்வாய்வின் ஆயிரக்கணக்கான ஓட்டாஞ்சில்லுகளை வைச்சு ஒரு நகரம் போலப் பரப்பினார். அகழ்வாய்வுக்காரர் பார்த்து முடிச்சு ஒதுக்கின சில்லுகள் அவை. கழிவு எண்டு சொல்ல உரிமை உள்ள ஆக்கள் சொன்ன பிறகு எடுத்தது. மயிலிட்டியின் ஓட்டை ஆரும் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

ஆகவே எங்கட வாதம் பொருளைத் தொடாதே எண்டது இல்லை. கேட்டு எடு எண்டது. கேட்கிறது சின்ன வேலை மாதிரித் தெரியும். உண்மையில் அதுதான் வேலையின் பெரும்பகுதி. கரையில் இருக்கிற ஐயாவிடம் "இந்த வலைத்துண்டை எடுக்கலாமோ?" எண்டு கேட்டால் அவர் ஓம் எண்டோ இல்லை எண்டோ மட்டும் சொல்லமாட்டார். எந்த மாதம், எத்தனை பாக தண்ணி, எத்தனை துண்டு போனது, எவ்வளவு கடன் எண்டு அரை மணித்தியாலம் கதைப்பார். அந்தக் கதையை ஒரு கொப்பியில் எழுதுங்கோ: பொருள், கிடைச்ச இடம், திகதி, குடுத்தவர் சொன்னது, பேர் போடலாமோ கூடாதோ. அந்தக் கொப்பி இல்லாமல் வைச்ச கலப்பூடக வேலைக்குப் புள்ளி போடக்கூடாது எண்டு கற்பிக்கிற ஆக்களிடமும் கேட்கிறம். இப்ப புள்ளி போடுறது எதுக்கு? ஒழுங்கமைப்பு, நிறச் சமநிலை, கருத்து வெளிப்பாடு. "எங்கிருந்து வந்தது?" எண்ட ஒரு கேள்வி மதிப்பீட்டில் எங்களிடம் கேட்கப்பட்டதே இல்லை.

இல்லை எண்டு சொன்னால்? வீட்டு நிலத்தைக் கிளப்பாமல் அதன்மேல் தாளை வைச்சுக் கரியால் தேய்ச்சு அச்செடுக்கலாம். ஓட்டின் பேரையும் அப்படியே எடுக்கலாம். துருப்பிடிச்ச பிணைச்சலை விநாகிரியில் நனைச்ச வெள்ளைச் சீலையால் ஒரு இரவு சுத்தி வைச்சால் துரு தன் உருவத்தைச் சீலையில் விட்டுவிடும், பிணைச்சல் வீட்டுக்காரரிடமே இருக்கும். இதில் வருகிற அடையாளம், ஒட்டின பொருளை விடப் பலமுறை நல்லாயிருக்கும் எண்டதைச் செய்து பார்த்துத்தான் சொல்லுறம். ஓம் எண்டு சொல்லித் தந்த பொருளை ஒழுங்காகப் பாவியுங்கோ. வலையை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணியில் ஊறவைச்சு உப்பை எடுக்காட்டி, ஆணியும் கம்பியும் அரிச்சு வேலை ஒரு மாரிக்குள் விழும். மாப்பசைக்குக் கொஞ்சம் துருசு போடாட்டி பூச்சி அரிக்கும் (மயில்துத்தம் எண்டும் சொல்லுவினம், மயிலிட்டிக்குப் பொருத்தம். நஞ்சு, கையைக் கழுவுங்கோ). மீன்பெட்டி ரெஜிபோமைச் சூட்டுக் கம்பியால் வெட்டுறதெண்டால் வெளியில், காத்துப் படுற இடத்தில். அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது.

காட்சி எங்க வைக்கிறது எண்டதிலும் எங்களுக்குக் கோபம் இருக்கு. மயிலிட்டியின் வலையும் ஓடும் கொழும்பில் வெள்ளைச் சுவரில் ஆங்கிலக் குறிப்போடு தொங்குது. குடுத்தவர் ஒருநாளும் அதைக் காணுறதில்லை. முதல் காட்சி மயிலிட்டியில் நடக்கட்டும். வாசிகசாலையில், கோயில் மடத்தில், மாதா கோயில் முற்றத்தில், ஏலம் முடிஞ்ச பிறகு வாடியில். "இதென்ன பிள்ளை, இதைத் தலைகீழாய் வைச்சிருக்கிறாய்" எண்டு ஒரு சம்மாட்டியார் சொல்லுற விமர்சனம், எந்தக் கலரி உரையாடலிலும் கிடைக்காது. வேலை விலைபோனால் பொருள் தந்தவருக்கும் ஒரு பங்கு போகவேணும். எவ்வளவு எண்டதை எடுக்கும்போதே கதையுங்கோ, வித்த பிறகு இல்லை.

கடைசியாக, அந்தப் படகுகளைப் பற்றி ஒரு கோரிக்கை. 2022 பெப்ரவரியில் பிடிபட்ட படகுகளை அரசாங்கம் ஏலத்தில் வித்தது. இனியும் விக்கும், அல்லது கட்டின இடத்திலேயே உக்கி மூழ்கித் துறையை அடைக்கும். அடுத்த முறை வழக்கு முடிஞ்ச ஒரு படகை, ஒண்டே ஒண்டை, மயிலிட்டிக் கரையில் ஏத்தி வைச்சு, இஞ்சத்த மாணவரும் இராமேஸ்வரப் பக்கத்து மாணவரும் சேர்ந்து வேலை செய்ய விடச் சொல்லிக் கடற்றொழில் திணைக்களத்திடம் கேட்கலாம். அறுந்த வலையை அந்தப் படகுக்குள்ளேயே வைச்சு, இரண்டு பக்கத்துக் கொப்பியும் பக்கத்தில் இருக்க. இதை நாங்கள் எழுதிக் குடுக்க முதல் மயிலிட்டி மீனவர் சங்கத்து ஆக்களோடு இருந்து கதைக்கப் போறம். அவை வேண்டாம் எண்டால் வேண்டாம்.